பி.டி. பீரியடும் நீல மாத்திரையும்

கம்மவான்பேட்டை பக்கம் விடிவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். சாலையோரம் பனியனும் அரைக்கால் சட்டையுமாகப் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் ராணுவ ஆள்சேர்ப்பில் முதல் பிரிவு. அப்புறம் புல்-அப்ஸ் பத்து, ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவது, மார்பளவு 77 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து கூட வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. வேலூர் மாவட்டத்தில் உடற்பயிற்சி என்று சொன்னால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஓட்டம்தான், பள்ளிக்கூடத்துப் பி.டி. பீரியட் கிடையாது.

அப்படி ஓடும் பையனுக்கு வீட்டில் ஒரு தங்கச்சி இருப்பாள். பத்து வருடம் பள்ளிக்கூடம் போய் வந்தவளை யாராவது ஓடச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு நின்றிருப்பார்களா? அநேகமாக இல்லை. அண்ணன் உடம்புக்கு ஒரு எதிர்காலம் இருக்கிறது, அதனால் அதை அளக்கிறார்கள். இவள் உடம்பை அளப்பது தாவணி தைக்கிற டெய்லர் மட்டும்.

நான் பேரணாம்பட்டு பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அறிவியல் டீச்சர் என்றால் சில வேலைகள் கேட்காமலே தலையில் வந்து விழும். பிள்ளைகளின் உயரம், எடை எடுத்து எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றுவது. குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பது. வியாழக்கிழமை தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பதிவேட்டில் குறிப்பது. நீல நிற மாத்திரை அது, இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்தது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் சத்துணவு முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் போய்த் துப்பும். நான் பின்னாலேயே போவேன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பி.டி. பீரியடும் அதே வியாழக்கிழமை மத்தியானம் வரும். ஒரு சுற்று ஓடியதுமே நாலைந்து பெண் பிள்ளைகள் உட்கார்ந்துவிடும். பக்கத்தில் நின்ற ஒரு சார் ஒருமுறை சொன்னார்: “இன்னா டீச்சர் இது, ஒரு ரவுண்டுக்கே உக்காந்துடுதுங்க. எல்லாம் சோம்பேறித்தனம். வீட்டுக்குப் போனா செல்போன்.”

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருத்திக்கு மேல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகிற ஆக்சிஜன் குறையும். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும், கண் இருட்டும், கால் கனக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் படித்த யாருக்கும் இது தெரியும். ஆனால் மாத்திரைப் பதிவேடு என் மேசையில் இருக்கிறது, விளையாட்டுப் பதிவேடு இன்னொருவர் மேசையில் இருக்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே பிள்ளையின் பெயர். ஒன்றில் அவள் நோயாளி, இன்னொன்றில் சோம்பேறி.

இந்த எரிச்சலில்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலகத்தில் யாராவது இதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்களா என்று பார்த்தால், ஒரு பெரிய கூட்டமே நாற்பது வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறது. பள்ளி உடற்கல்வியையும் சுகாதாரப் பாடத்தையும் சமூக நீதிக் கண்ணால் பார்க்கிற ஆய்வு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் நாடுகளில் இதற்கு நல்ல வேர் உண்டு.

அவர்களுடைய அடிப்படைக் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. மைதானத்தில் ஒரு பிள்ளை ஓடுகிறது, இன்னொன்று உட்காருகிறது. அதற்கான காரணத்தைப் பிள்ளைக்குள்ளே தேடுவதா, வெளியே தேடுவதா? 1980-ல் ராபர்ட் க்ராஃபோர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். உடல்நலம் முழுக்க முழுக்கத் தனிமனிதரின் கையில் இருக்கிறது, ஒழுங்காகத் தின்று ஒழுங்காக நடந்தால் நோய் வராது, வந்தால் அது உன் குற்றம் என்ற மனப்போக்கு எப்படிப் பரவுகிறது என்று அதில் காட்டினார். அப்படி நினைக்கத் தொடங்கினால் தண்ணீர், கூலி, வீடு, காற்று எல்லாம் கணக்கிலிருந்து நழுவிவிடும். நம் சுகாதாரப் பாடங்களைத் திறந்து பாருங்கள். காய்கறி சாப்பிடு, கையைக் கழுவு, தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி செய். எல்லா வாக்கியமும் பிள்ளையைப் பார்த்துத்தான் விரல் நீட்டுகிறது. காய்கறி என்ன விலை, குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது பாடத்தில் இல்லை.

டேவிட் கிர்க் என்ற ஆய்வாளர் இன்னும் பின்னால் போய் வரலாற்றைத் தோண்டினார். பள்ளி உடற்பயிற்சி முதலில் கவாத்தாகத்தான் வந்தது. வரிசையில் நிற்க, கட்டளைக்குக் கை தூக்க, அசையாமல் இருக்க ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். கிரிக்கெட், ரக்பி மாதிரியான குழு விளையாட்டுகள் பணக்காரப் பையன்களின் பள்ளிகளில் வளர்ந்து, பின்னால்தான் எல்லோருக்குமான உடற்கல்வி என்ற பெயரில் இறங்கி வந்தன. நம் ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் பி.டி. சாரை டிரில் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். 1920-ல் ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, கவாத்தைத் தாண்டி விளையாட்டையும் ஆசிரியர் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். நூறு வருடம் ஆகிவிட்டது. குடியரசு தினத்துக்கு மாஸ் டிரில் என்றதும் பள்ளிக்கூடமே மாதக்கணக்கில் கவாத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சரி, வெளிநாட்டுக் கதை போதும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. உடம்பு எப்படி உருவாகிறது, அதில் எவ்வளவு பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதற்கு உலகமே எடுத்துப் பேசுகிற ஆதாரங்களில் சில, எங்கள் பள்ளியிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடுகிற தூரத்தில் கிடைத்தவை.

1969 முதல் 1973 வரை வேலூர் டவுனிலும் சுற்றியிருக்கிற கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் அளந்து பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து 26 முதல் 32 வயதானபோது மறுபடி தேடிப் பிடித்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். சின்ன வயதில் மெலிந்திருந்து, வளரும்போது எடை கூடியவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு அதிகம் காணப்பட்டது. அதாவது நாற்பது வயதில் தொப்பையோடு வந்து நிற்கிறவரின் சர்க்கரையில், அவர் தின்ற பரோட்டாவுக்கு மட்டுமல்ல, அவருடைய அம்மா கர்ப்பத்தில் பட்டினி கிடந்ததற்கும் பங்கு இருக்கலாம்.

இன்னொன்று, 2009 வாக்கில் எட்டு நாடுகளில் ஒரே நேரத்தில் தொடங்கிய மால்-எட் என்ற ஆய்வு. இந்தியாவில் அது நடந்த இடம் வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை குழந்தைகளை விடாமல் கவனித்தார்கள். வயிற்றுப்போக்கு என்று வெளியே தெரியாமலேயே குடலில் கிருமிகள் குடியிருந்து வளர்ச்சியை அமுக்குவதை அது காட்டியது. தாய் ஒழுங்காகத்தான் ஊட்டுகிறாள், குழந்தை ஒழுங்காகத்தான் தின்கிறது, ஆனால் சாக்கடையும் குடிதண்ணீரும் அடுத்தடுத்து ஓடுகிற தெருவில் உயரம் கூட மாட்டேன் என்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்தக் குழந்தைகள் பத்து வருடம் கழித்து என் வகுப்புக்கு வருவார்கள். வாலிபால் அணிக்கு ஆள் எடுக்கும்போது உயரமில்லை என்று ஓரமாக நிறுத்துவோம். இரண்டு வயதில் சாக்கடை எடுத்துக்கொண்டதை பதிமூன்று வயதில் வாலிபால் நெட் கண்டுபிடித்துக் காட்டுகிறது.

பீடிக்கு வருகிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பீடி. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காலை நீட்டியோ மடக்கியோ உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பெண் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் இலையை நனைத்து, வெட்டி, அம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். விரல் வேகமான பிள்ளை சுற்றவும் சுற்றும். உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கை முறை ஆபத்தானது என்று சுகாதாரப் பாடத்தில் ஒரு வரி வரும். அதை நான் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கை தூக்கினாள். “எங்கம்மா உக்காந்தேதான் இருக்குது டீச்சர். எழுந்து நடந்தா பீடி யார் சுத்துவாங்க?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, சந்தேகம்தான் கேட்டாள்.

புத்தகம் எழுதியவருக்கு உட்கார்ந்திருப்பது என்றால் சோபா, டி.வி., சிப்ஸ் பாக்கெட். இவளுக்கு அது கூலி. இடுப்பு வலி, புகையிலைத் தூசி, மாலையில் கடைக்காரர் பீடியைக் கழித்துப் போடும் கட்டு எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடைபட மறுக்கின்றன. தமிழ்நாட்டில் 40 சதவீதப் பெண்கள் அதிக எடையோடு இருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தில் இவளுடைய அம்மாவும் இருக்கலாம். அதே அம்மா ரத்தசோகைப் பட்டியலிலும் இருக்கலாம். ஒரே உடம்பில் இரண்டும் சேர்ந்து இருப்பது இங்கே சாதாரணம்.

செருப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி ஷூக்கள் உலகம் பூராவும் போகின்றன. தோல் பதனிட்ட கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வைக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுகிறது. அரசு கொடுக்கிற விலையில்லாக் காலணி கிழிந்துவிடுமே என்று கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஓடும். வேலூர் வெயிலை நான் விவரிக்க வேண்டியதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அந்த மண்ணில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு யார் சோம்பேறி என்று முடிவு செய்யலாம்.

இந்த ஆய்வாளர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கேட்டி ஃபிட்ஸ்பாட்ரிக். நியூசிலாந்தில் தெற்கு ஆக்லாந்து என்ற ஏழை மக்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளோடு நீண்ட காலம் இருந்து ஆய்வு செய்தார். 2013-ல் வெளிவந்தது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஊரில் ஒரு எண்ணம் உண்டு: இவங்களுக்கு விளையாட்டு ரத்தத்திலேயே இருக்கு. கேட்க நல்ல பாராட்டு மாதிரிதான் இருக்கும். உடம்பு இவங்களுக்கு, மூளை மற்றவர்களுக்கு என்று பங்கு பிரித்துவிடுகிற பாராட்டு அது. உடற்கல்வியில் நன்றாகச் செய்தாலும் அந்தப் பாடத்துக்கே மதிப்பில்லை என்பதால் லாபமும் இல்லை.

படித்ததும் எனக்கு ஜவ்வாது மலைதான் ஞாபகம் வந்தது. பழைய வடார்க்காட்டின் மலை. அங்கிருந்து கீழே இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளைப் பார்த்து எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “மலைப் புள்ளைங்க, சும்மா விட்டா மான் மாதிரி ஓடும்.” ரோடு இல்லாததால் நடந்த கால் அது. அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் 2023-ல் பாம்பு கடித்த பச்சைக் குழந்தையைச் சரியான ரோடு இல்லாமல் நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்க்க முடியாமல் போனதே, இறந்த குழந்தையைத் தாய் கையில் சுமந்து நடந்தாளே, அதே மலைகளின் நடை. அதை இயற்கை கொடுத்த வரம் என்று சொல்லி விளையாட்டு விழாவில் கைதட்டிவிட்டு, கணக்குப் பாடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பதை என்னவென்று சொல்வது? சேரிப் பையன்களைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. ஒடம்பு நல்ல கட்டு, கபடிக்குப் போடு. அவன் அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தால் மட்டும் யோசிப்பார்கள்.

ரத்தம், ரத்தம் என்கிறவர்களிடம் நான் வேலூர் சத்துவாச்சாரியைக் காட்டுவேன். அந்த ஊர்ப் பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டுகோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கினார், இரண்டும் 77 கிலோ பிரிவில். அவருடைய தந்தை முன்னாள் ராணுவத்தினர், அவரும் பளு தூக்கியவர். சத்துவாச்சாரியில் பளு தூக்குவது பல காலமாக இருந்துவரும் பழக்கம். பெரிய மைதானம் வேண்டாம், ஒரு ஷெட், ஒரு இரும்புக் கம்பி, வட்டுகள், கற்றுக்கொடுக்க ஒரு அண்ணன் போதும். அது இருந்தது, அதனால் வீரர்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் அது இருந்திருந்தால் அங்கேயும் வந்திருப்பார்கள். தனியொருவரின் விடாமுயற்சி என்று மட்டும் பேசினால் அந்த ஷெட்டை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் இந்த ஆய்வாளர்கள் சொல்வதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இரண்டு இடத்தில் சண்டை போடுவேன்.

முதலாவது, அளப்பது. மைக்கேல் கார்ட், ஜேன் ரைட் இருவரும் 2005-ல் உடற்பருமன் பீதியைக் கேள்வி கேட்டார்கள். பள்ளியில் எடை பார்ப்பது, உடல் நிறை எண் கணக்கிட்டுப் பிள்ளைகளைக் கொழுத்தவர், சரியானவர் என்று பிரிப்பது எல்லாம் அவமானத்தைத்தான் வளர்க்கும் என்கிற வாதம் இந்த வட்டாரத்தில் பலமானது. அந்த எண்ணின் கதையும் விசித்திரம்தான். 1830-களில் பெல்ஜியத்துக் கணித அறிஞர் கெட்லே மக்கள்தொகையின் சராசரியைப் பார்க்க உண்டாக்கிய சூத்திரம் அது. 1972-ல் அதற்கு இப்போதைய பெயரை வைத்தவர் ஆன்செல் கீஸ். தனி ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்ட அது உருவாகவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி எடையைக் கத்திச் சொல்லி எழுதும் வழக்கத்தை நானும் எங்கள் பள்ளியில் நிறுத்தச் சொல்லி நிறுத்தினேன்.

ஆனால் எடை எடுப்பதையே நிறுத்தச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளியில் அளக்காவிட்டால் வேறு எங்கேயும் அளக்காத பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஜூனில் 34 கிலோ இருந்த பெண் டிசம்பரிலும் 34 கிலோ என்றால் வீட்டில் ஏதோ நடக்கிறது. அப்பா வேலை போயிருக்கலாம், அவள் இரவில் கண்விழித்துப் பீடி சுற்றலாம். அந்த எண் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. நூறு வருடத்துக்கு முன்னால், 1920-ல், நீதிக்கட்சிக்காரர் தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சியில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டதும், காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதும், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும், முட்டை வந்ததும், 2022-ல் காலை உணவு வந்ததும், பசியை யாரோ எண்ணிக் காட்டியதால் நடந்தவை. இந்த மாநிலத்தில் பள்ளிச் சுகாதாரத்தில் நடந்த ஆகப்பெரிய சமூக நீதி வேலை சமையற்கூடத்தில்தான் நடந்தது. உடற்கல்வி அதோடு சேர்ந்து நடக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. 2005 தேசியக் கலைத்திட்டம் சுகாதாரம், உடற்கல்வி, மதிய உணவு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னது. சொன்னதோடு சரி.

இரண்டாவது, பட்டாளம். கவாத்து உடம்பை அடக்குகிறது, பணிய வைக்கிறது என்று மேல்நாட்டுப் பேராசிரியர்கள் எழுதுவதில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஐந்தரை நிமிடத்துக்குப் பின்னால் எங்கள் பக்கம் ஒரு குடும்பத்துக்குக் கல் வீடு, தங்கச்சிக்குக் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் கடன் எல்லாம் இருந்தன. ராணுவ ஓய்வூதியத்தால் தலை நிமிர்ந்த தெருக்கள் உண்டு. 2022-க்குப் பிறகு அக்னிவீர் என்று நாலு வருட வேலையாக மாறியதும் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டுவிட்டது, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பையன்களைப் பார்த்து நீங்கள் அதிகாரத்துக்குப் பணிகிற உடல்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் குறை, இத்தனை ஊர்களில் வியர்வைக்குக் கூலி தரும் ஒரே வாசலாக அது இருக்கிறதே என்பதுதான்.

பி.டி. ஆசிரியர்களைத் திட்டுகிற கட்டுரையாக இது போய்விடக் கூடாது. அவர்கள் நிலைமை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற நடுநிலை வகுப்புகளுக்கு உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி என்று 16,549 பேரைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரைநாள். மே மாதம் சம்பளம் கொடுக்கவில்லை. பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள், பணி நிரந்தரம் கேட்டு இன்றும் சென்னையில் போய் உட்காருகிறார்கள். சமூக நீதி பேசவேண்டிய பாடத்தை நடத்துகிறவருக்கே நீதி இல்லை என்றால் அவர் எதை நடத்துவார்? பாதி நேரம் அவருக்குப் பீரியடும் கிடையாது. பத்தாம் வகுப்பு என்றால் கணக்கு வாத்தியார் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொண்டார், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று. எங்கள் கணக்கு சார் அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்துவிட்டு, அன்றைக்கும் வாங்கிக்கொண்டார்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே ஒரு வரி. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த ஊர் வேலூர். அங்கே பாகாயத்தில் 1966-லேயே மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. அந்த ஊரில் கால் ஊனமான பிள்ளைக்குப் பி.டி. பீரியடில் கிடைக்கிற வேலை, மற்றவர்களின் செருப்புக்குக் காவல்.

எங்கள் பள்ளிக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, மைதானத்தை வரைந்து, பி.டி. பீரியடில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி வைக்கச் சொன்னேன். அறிவியல் செயல்பாடு என்று சொல்லித்தான் செய்தேன், பகுதிநேரப் பி.டி. சாரும் கூட நின்றார். பையன்களின் புள்ளிகள் மைதானம் பூராவும் தெறித்துக் கிடந்தன. பெண்களின் புள்ளிகள் வகுப்பறைப் படிக்கட்டிலும் வேப்பமர நிழலிலும் குவிந்திருந்தன. இரண்டு பையன்களின் புள்ளி பெண்கள் பக்கத்தில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். “எங்கள டீம்ல எடுக்க மாட்டாங்க டீச்சர்.” எந்தத் தெருவிலிருந்து வருகிற பையன்கள் என்று நான் கேட்கவில்லை, தெரியும்.

கையில் கட்டுகிற கலர் கயிறு, சாதி எல்லாம் தெற்கத்திப் பிரச்சினை என்று இங்கே ஒரு நினைப்பு உண்டு. சாதி வெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பள்ளிகளில் அந்தக் கயிறுகளுக்கும் மோதிரங்களுக்கும் தடை கேட்டது. கயிறு இல்லாத இடத்திலும், இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவர் யார் என்று பார்த்தால் போதும். பி.டி. சார் அன்றிலிருந்து கேப்டன் ஆள் எடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, சீட்டுக் குலுக்கி அணி பிரிக்கிறார். முதல் வாரம் ஒரே கூச்சல். இப்போது பழகிவிட்டது. அந்த இரண்டு பேரில் ஒருவன் சுமாராகத்தான் ஆடுகிறான், அதனால் என்ன.

பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் பந்து என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தோம். முதலில் கேட்டது கழிவறைச் சாவி. அது ஸ்டாஃப் ரூமில் தொங்கும், மாதவிலக்கு நாளில் உள்ளே வந்து எல்லா சார்களுக்கும் முன்னால் எடுத்துக்கொண்டு போகக் கூச்சம். அதனால் அந்த நாட்களில் ஓடுவதே இல்லை. சாவியை வகுப்புத் தலைவியிடம் கொடுத்தாயிற்று. இரண்டாவதாக, மைதானத்தில் ஒரு பாதி, வாரத்தில் ஒருநாளாவது கிரிக்கெட் இல்லாமல். அது கிடைக்கத் தலைமையாசிரியரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மூன்றாவதாக, எறிபந்து நெட். பழையது கிழிந்திருந்தது, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற ஒரு மாணவியின் அப்பா நூல் கொண்டுவந்து முடிந்து கொடுத்தார்.

நான் இரும்புச்சத்து மாத்திரைப் பதிவேட்டைப் பி.டி. சாரிடம் காட்ட ஆரம்பித்தேன். இப்போது அவர் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு ஓட்டத்தை ஒரே மூச்சில் வைப்பதில்லை. நடை, ஓட்டம், நடை என்று பிரித்து வைக்கிறார். உட்கார்ந்தவளைப் பார்த்துக் கத்துவதற்குப் பதிலாகக் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார். பதில் பெரும்பாலும் ஒரு டீ.

இந்த வருடம் குறுவட்டப் போட்டிக்கு எறிபந்து அணி ஒன்று அனுப்பலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். வேன் வாடகை பற்றித்தான் பேச்சு நீளும் என்று நினைத்தேன். ஒரு அப்பா எத்தனை மணிக்குத் திரும்பி வருவார்கள் என்று கேட்டார், இருட்டுவதற்குள் என்றோம், சரி என்றார். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். “அனுப்பறேன் டீச்சர், எனுக்கு ஆசதான். ஆனா அன்னிக்கு இலை வெட்ட ஆள் இல்லனா எனுக்கு ஐநூறு பீடி கொறையும். அத யார் குடுப்பாங்க?”

விளையாட்டு நிதியிலிருந்து கொடுக்க வழி இருக்கிறதா என்று தலைமையாசிரியர் கேட்டார். விதியில் அப்படி ஒரு தலைப்பு இல்லை என்றார் எழுத்தர். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அணியில் பன்னிரண்டு பெயர் கொடுக்க வேண்டும், இதுவரை ஒன்பது பேர் வீட்டில் சரி சொல்லியிருக்கிறார்கள்.